கையில் 7 அட்டை, கட்டில் 53

2008 பிப்ரவரியில் 'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டின் தொழில்முறைப் போட்டியான 'புரோ டூர்' நம் கோலாலம்பூரில் நடந்தது. வென்றவர் அமெரிக்கரான ஜான் ஃபிங்கெல். 2000ஆம் ஆண்டிலேயே உலக வாகையராக இருந்தவர் அவர். அவர் முகத்தையே ஓவியமாகக் கொண்ட ஓர் அட்டை 2001இல் வெளிவந்தது. அதன் பெயர் 'ஷேடோமேஜ் இன்ஃபில்ட்ரேட்டர்'. வாகையரின் அட்டை என்றதும் நெருப்பைக் கக்கும் டிராகனை எதிர்பார்ப்பீர்கள். இதுவோ எதிராளியை அடித்தால் அவருடைய உயிர்ப்புள்ளியில் ஒன்றே ஒன்றுதான் குறையும். ஆனால் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதை வைத்திருப்பவர் தன் கட்டிலிருந்து ஓர் அட்டை கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

மலேசியர் ஒருவரின் முகமும் இப்படி அச்சாகியிருக்கிறது. 2005ஆம் ஆண்டு 'மேஜிக் இன்விடேஷனல்' போட்டியை வென்ற டெர்ரி சோ. அவருடைய அட்டை 2006இல் வந்த 'ராக்டோஸ் ஆகர்மேஜ்'. அது நேரெதிரான வேலையைச் செய்கிறது. அதைப் பயன்படுத்தினால் இரு ஆட்டக்காரர்களுமே கையிலிருந்து ஆளுக்கோர் அட்டையைக் கழித்துவிட வேண்டும்.

கையில் ஓர் அட்டை கூடுவதும் குறைவதும் அவ்வளவு பெரிய விஷயமா? பள்ளி முடிந்து மாமாக் கடை மேசையில் அட்டைகளைப் பரப்பி ஆடுபவர்களைக் கேளுங்கள், "ஆமாம்" என்பார்கள். ஏன் என்று கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. காரணம் நிகழ்தகவில் இருக்கிறது. பள்ளியில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கிறீர்களே, அதேதான்.

முதலில் விதிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். மேஜிக்கில் பொதுவாக ஒரு கட்டில், அதாவது ஆட்டக்காரர்கள் சொல்லும் 'டெக்'கில், குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். அடிப்படை நில அட்டைகளைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டையை 4க்கு மேல் வைக்க முடியாது. கலைத்து, 7 அட்டைகளோடு ஆட்டத்தைத் தொடங்குவார்கள். பிறகு முறைக்கு ஓர் அட்டை எடுக்கலாம். நில அட்டைகள் தருகிற 'மானா'தான் மற்ற அட்டைகளுக்கு நாம் கொடுக்கும் விலை.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலாளர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றதும், மேஜிக் வெளிவந்ததும் ஒரே ஆண்டில், 1993இல்தான். அந்த முதல் தொகுப்பில் ஐந்து அட்டைகள் ஒரு குடும்பம்போல இருந்தன. ஐந்துக்கும் விலை ஒரே ஒரு மானா. ஐந்தும் எதையோ மூன்றாகக் கொடுத்தன. 'லைட்னிங் போல்ட்' 3 புள்ளி சேதம். 'ஹீலிங் சால்வ்' 3 உயிர்ப்புள்ளி. 'ஜயன்ட் குரோத்' ஓர் உயிரினத்துக்கு அந்த முறை மட்டும் +3 வலிமை. 'டார்க் ரிச்சுவல்' 3 மானா. 'ஆன்செஸ்ட்ரல் ரீகால்' 3 அட்டை.

பார்வைக்கு எல்லாம் சமம்தான். ஆனால் மூன்று உயிர்ப்புள்ளி தரும் அட்டையை இன்று யாரும் சீந்துவதில்லை. மூன்று அட்டை தருவதோ, விளையாட்டு வரலாற்றிலேயே மிக வலிமையான அட்டைகளில் ஒன்று. பழைய அட்டைகள் எல்லாவற்றையும் அனுமதிக்கும் 'வின்டேஜ்' ஆட்ட வகையில்கூட அதை ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். 'லெகசி' வகையில் முழுத் தடை. இத்தனைக்கும் மற்ற நான்கும் எளிதில் கிடைக்கும் அட்டைகளாக அச்சிடப்பட்டபோது, இதை மட்டும் அரிய அட்டையாகத்தான் வைத்திருந்தார்கள்.

எதிராளியின் ஓர் உயிரினத்தை ஒரு 'லைட்னிங் போல்ட்'டால் வீழ்த்தினால், அவருக்கும் ஓர் அட்டை போகிறது, உங்களுக்கும் ஓர் அட்டை போகிறது. கணக்கு நேர். 'ஆன்செஸ்ட்ரல் ரீகாலி'ல் ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பெறுகிறீர்கள். நிகர இலாபம் இரண்டு அட்டை. இரண்டு பேரும் ஒன்றுக்கொன்று என்று அடித்துக்கொண்டே போனால், கடைசியில் எதிராளியின் கை காலியாக இருக்கும்போது உங்களிடம் இரண்டு மிச்சம். பிற்காலத்தில் அச்சான 'டிவினேஷன்' என்ற அட்டை 3 மானா வாங்கிக்கொண்டு 2 அட்டைதான் தருகிறது. வடிவமைப்பாளர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இலாபம் ஒருபுறம் இருக்க, தேவையான அட்டை தேவையான நேரத்தில் வருமா என்பது அடுத்த கேள்வி. 60 அட்டையில் உங்களுக்குப் பிடித்தமான அட்டை 4 இருக்கிறது. முதல் ஏழில் ஒன்றாவது வர வாய்ப்பு என்ன? நேராகக் கணக்கிடுவதைவிட, ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடுவது சுலபம். முதலில் எடுப்பது வேறு அட்டையாக இருக்க 56/60. அடுத்தது 55/59. அதற்கடுத்தது 54/58. இப்படியே ஏழாவதான 50/54 வரை பெருக்கினால் ஏறத்தாழ 0.60 வரும். ஆக, ஒன்றாவது வரும் வாய்ப்பு 40 விழுக்காடு. பத்து அட்டைகள் பார்த்துவிட்டால் 53 விழுக்காடு. அதற்கு மேல் மூன்று அட்டை கூடுதலாக எடுத்தால் 63 விழுக்காடு. உங்கள் அதிர்ஷ்டம் மாறவில்லை. நீங்கள் பார்த்த அட்டைகளின் எண்ணிக்கைதான் மாறியது.

அப்படியானால் கூடுதல் அட்டை எடுக்க உதவும் அட்டைகளாலேயே டெக்கை நிரப்பிவிடலாமே? புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன். கை நிறைய அட்டை வைத்துக்கொண்டு, எதையும் களத்தில் இறக்க மானா இல்லாமல், சின்னஞ்சிறு பூதங்களிடம் அடி வாங்கித் தோற்றிருக்கிறேன். சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டே இருந்து அடுப்பைப் பற்ற வைக்காத கதைதான்.

எத்தனை போதும் என்பதற்கு அதே பெருக்கல் முறை விடை தருகிறது. அவற்றை 'எடுப்பு அட்டை' என்று வைத்துக்கொள்வோம். டெக்கில் 4 எடுப்பு அட்டைகள் இருந்தால், முதல் கையில் ஒன்றாவது வர 40 விழுக்காடு என்று பார்த்தோம். 8 வைத்தால் 65 விழுக்காடு. 12 வைத்தால் 81. 16 வைத்தால் 90. ஒவ்வொரு முறையும் அதே நான்கு இடங்களைத்தான் செலவழிக்கிறோம். ஆனால் முதல் தடவை 25 புள்ளி ஏறிய வாய்ப்பு, அடுத்து 16தான் ஏறுகிறது, அதற்கடுத்து வெறும் 9. பொருளியலில் 'குறைந்து செல்லும் பயன்' என்பார்கள். 60இல் சுமார் 24 இடம் நிலத்துக்குப் போய்விடும். மிச்சமுள்ள 36இல் எட்டுக்கு மேல் எடுப்பு அட்டைக்கு ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. மிக மலிவான விலையில் அட்டை எடுக்க வழியிருந்தால் பன்னிரண்டு வரை போகலாம். பதினாறு வீண்.

விலையை எப்போதும் மானாவில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. 'டார்க் கான்ஃபிடன்ட்' என்ற அட்டை முறைதோறும் ஓர் அட்டையைக் கூடுதலாகத் தரும். அப்படி வரும் அட்டையின் மானா விலை எவ்வளவோ அவ்வளவு உயிர்ப்புள்ளியைப் பறித்துக்கொள்ளும். அதை வைத்து ஆடுபவர் டெக் முழுக்க மலிவான அட்டைகளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பு அட்டை ஒன்று மற்ற எல்லா அட்டைகளின் தேர்வையும் மாற்றிவிடுகிறது பாருங்கள்.

நம் மாணவர்களில் பலர் ஆடும் 'யூ-கி-ஓ!'வில் மானா கிடையாது. டெக் 40 முதல் 60 அட்டை, ஒரே அட்டை அதிகபட்சம் 3, தொடக்கத்தில் கையில் 5. மானா இல்லாததால் அட்டை எடுப்பது அங்கே இன்னும் ஆபத்தானது. எந்த விலையும் இல்லாமல் 2 அட்டை தந்த 'பாட் ஆஃப் கிரீட்' தடைப்பட்டியலுக்குப் போனதில் வியப்பில்லை. அதன் தம்பியான 'பாட் ஆஃப் டிசையர்ஸ்' ஒரு விலை கேட்கிறது. டெக்கின் மேலிருந்து 10 அட்டைகளைப் பார்க்காமலேயே கவிழ்த்து ஆட்டத்திலிருந்து நீக்க வேண்டும்; பிறகு 2 எடுக்கலாம்.

"ஐயோ, பத்து அட்டை போய்விடுமே, என் நல்ல அட்டையும் போய்விடுமே!" என்று பயப்படுபவர்கள் உண்டு. இங்கே கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். டெக்கில் 35 அட்டை மிச்சம். உங்களுக்கு வேண்டிய அட்டை அதில் ஒன்றுதான் இருக்கிறது. அடுத்து எடுக்கும் இரண்டில் அது வர வாய்ப்பு 2/35. மேலே உள்ள பத்தைத் தூக்கிவிட்டு, 11ஆவது, 12ஆவது அட்டைகளை எடுத்தாலும் அதே 2/35தான். கலைத்த கட்டில் எந்த இடமும் மற்ற இடத்தைவிட உயர்ந்ததில்லை. உண்மையான ஆபத்து வேறு: அந்த ஒற்றை அட்டை போன பத்துக்குள் இருந்திருக்க 10/35, அதாவது 29 விழுக்காடு வாய்ப்பு. அது போனால் இந்த ஆட்டம் முடியும்வரை வராது. அதே அட்டை டெக்கில் மூன்றாக இருந்தால்? மூன்றும் சேர்ந்து போகும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழே. ஆகவே இந்த அட்டையை வைப்பவர்கள் முக்கியமான அட்டைகளை மூன்று மூன்றாக வைப்பார்கள்.

இன்னொரு விலையும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேஜிக்கிலும் சரி, யூ-கி-ஓவிலும் சரி, கட்டில் அட்டை தீர்ந்தபின் எடுக்க வேண்டி வந்தால் தோல்விதான்.

இதையெல்லாம் சோதிக்கக் காசு செலவழிக்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலங்களை வாங்கி வாங்கிச் செலவுக்காசைக் கரைக்கும் முன், மணிலா அட்டையை 60 துண்டாக வெட்டுங்கள். நான்கில் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். நன்றாகக் கலைத்து 7 எடுங்கள். நட்சத்திரம் வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படி 50 தடவை. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பக்கம் டியூஷனுக்குக் கொமுட்டர் ரயிலில் வருபவர்கள் நண்பரோடு சேர்ந்து ஒரு பயணத்திலேயே இதில் பாதியைச் செய்யலாம். 50இல் 20 தடவை வர வேண்டும் என்கிறது கணக்கு. உங்களுக்கு 16 வரலாம், 24 வரலாம். அதற்காகக் கணக்குத் தப்பு என்று நினைக்க வேண்டாம். நண்பரின் 50ஐயும் கூட்டி 100ஆக்கிப் பாருங்கள், விழுக்காடு பெரும்பாலும் நாற்பதை நெருங்கும். பிறகு நட்சத்திரத்தை எட்டாக்கி மறுபடியும் தொடங்குங்கள்.

யூ-கி-ஓ ஆடுபவர்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு. 40 அட்டை டெக்கில் ஒரே அட்டை மூன்று. முதல் ஐந்தில் ஒன்றாவது வர வாய்ப்பு என்ன? அதையே 60 அட்டை டெக்கில் போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு 34 விழுக்காடும் இரண்டாவதற்கு 23 விழுக்காடும் வந்தால் சரி. அப்புறம், உங்கள் டெக்கில் 41ஆவதாக என்ன இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.