சுடலை காத்தவனும் சங்கக்கடை ஆச்சியும்

பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் என்று சைவமும் கத்தோலிக்க வேதமும் வேலிக்கு வேலி நெருங்கிக் கிடக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு கதாநாயகர்கள் பழக்கம். கோயில் வீதிக் கொட்டகையில் அரிச்சந்திரன். கத்தோலிக்கக் கூத்து மேடையில் எஸ்தாக்கியார். ஒருவன் அயோத்தி அரசன், மற்றவர் உரோமைத் தளபதி. இருவருக்கும் நேர்வது ஏறக்குறைய ஒன்றுதான். செல்வம் போகிறது, மனைவி பிரிகிறாள், பிள்ளைப் பாசம் சோதிக்கப்படுகிறது. பிடித்த பிடியை மட்டும் அவர்கள் விடுவதில்லை.

அரிச்சந்திரனை யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் கொண்டு திரிந்தவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவின் ‘மயான காண்டம்’ ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியதாகச் சொல்வார்கள். கதை எல்லோருக்கும் பாடம். மகன் லோகிதாசனைப் பாம்பு தீண்டும், பிணத்தைச் சுமந்துகொண்டு சந்திரமதி வருவாள், சுடலை காக்கிற அரிச்சந்திரன் சொந்த மனைவியென்று அறியாமல் அவளிடமே காற்பணமும் முழத்துண்டும் கேட்பான். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் சனம் பாய் விரித்து விடியவிடிய இருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதற்காக அல்ல. அந்த இடத்தில் அவன் குரல் உடையுமா, நிற்குமா என்று இன்னொரு தடவை பார்ப்பதற்காக.

ஒரு கற்பனை மனிதன் நமக்குள் குடியேறுவது இப்படித் திரும்பத் திரும்பத்தான். ஒருமுறை வியந்தவர் வீட்டுக்குப் போய் நித்திரை கொள்வார். அடுத்த நாள் தனியே இருக்கையில் அவனாக நடித்துப் பார்க்கிறவர்தான் மாறத் தொடங்குகிறார்.

இதற்கு நல்ல சாட்சி காந்தி. ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது ஒரு நாடகக் கம்பெனியின் அரிச்சந்திர நாடகத்தை அப்பாவிடம் அனுமதி வாங்கிப் பார்த்தார். பிறகு கணக்கில்லாத தடவை தனக்குத்தானே அரிச்சந்திரனாக நடித்ததாகச் சுயசரிதையில் எழுதுகிறார். அப்படி ஒருவன் வரலாற்றில் இருந்திருக்க மாட்டான் என்று பின்னாளில் அவருக்குத் தோன்றியது. ஆனாலும் தன்னளவில் அவன் உயிரோடு இருப்பவன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. 1927 நவம்பரில், வாலிபர் காங்கிரஸின் அழைப்பில், யாழ்ப்பாணத்துக்கு வந்து இறங்கிய மனிதருக்குள்ளும் அந்த ராஜ்கோட் பையன் இருந்திருப்பான்.

அமெரிக்க உளவியலாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதே பக்கம்தான் போகிறது. நான்கு வயதும் ஆறு வயதுமான பிள்ளைகளுக்கு அலுப்பூட்டும் வேலையொன்றைப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். பக்கத்தில் ஆசை காட்ட ஒரு விளையாட்டுக் கருவி. சில பிள்ளைகளை மட்டும் பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாக வேடம் போட்டுக்கொண்டு, ‘பேட்மேன் ஒழுங்காக வேலை செய்கிறாரா?’ என்று தம்மையே கேட்கச் சொன்னார்கள். வேடம் போட்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். ஒரு சால்வையும் ஒரு பெயரும் போதுமாயிருந்திருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் தென்னோலையை வாளாக்கி விளையாடிய நம் பொடியளைக் கேட்டிருந்தால், ஆய்வு இல்லாமலே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் ஒரு பாத்திரத்தை அப்படியே முழுசாக விழுங்கலாமா என்பது வேறு கேள்வி. பண்டத்தரிப்பில் எனக்குப் பழக்கமான ஆச்சி ஒருவரிடம் அரிச்சந்திரனின் பெருமையை எடுத்துவிட்டேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தாமலே கேட்டார்: “உண்மை சொன்னவன் சரி. பெண்சாதியை வித்தவனும் அவன்தானே, தம்பி?”

இந்தக் கேள்வியோடு காந்தியைத் திரும்பப் படித்தால் வேறொரு பக்கம் திறக்கிறது. 1901இல் தென்னாபிரிக்காவின் நேட்டாலை விட்டுப் புறப்படும்போது இந்தியர்கள் கொடுத்த பரிசுகளில் கஸ்தூர்பாவுக்கென்று ஒரு தங்கச் சங்கிலியும் இருந்தது. எல்லாவற்றையும் பொதுநிதிக்கு விடுவதென்று கணவர் தீர்மானித்தார். கஸ்தூர்பா அழுதார், வாதாடினார். உங்கள் சேவைக்குக் கிடைத்ததென்றால் அதில் என் உழைப்பும் இருக்கிறதே என்று கேட்டார். சங்கிலி போனது. காந்தி சுயசரிதை எழுதும்போதும் தன் முடிவு சரியென்றே நினைத்தார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஒருவர் தன் நாயகனிடமிருந்து சத்தியத்தை எடுக்கும்போது, அதன் விலையைப் பக்கத்தில் இருப்பவர் தலையில் வைக்கிற பழக்கமும் கூடவே வந்துவிடலாம்.

ஆச்சிக்குப் பிடித்தது சந்திரமதி. அவளும் முழுசாக அல்ல. விலைப்பட்டுப் போகிற சந்திரமதியை அவர் மன்னிக்கவில்லை. பிள்ளையின் பிணத்தை முன்னால் வைத்துக்கொண்டு சுடலைக் காவலனிடம் நியாயம் கேட்கிறாளே, அந்த ஓர் இடம் மட்டும் போதுமாம். கூப்பன் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி அளவு குறைந்தபோது, வரிசையை விட்டு முன்னால் போய்க் கடைக்காரனிடம் அந்தச் சந்திரமதியாகத்தான் பேசினாராம்.

“அதே ராகத்திலயோ, ஆச்சி?”

“ராகம் வேண்டாம் எண்டுதான் போனனான். வந்திட்டுது. மனிசன் வாய் திறக்கேல்லை, குறைஞ்ச அரைக்கொத்தையும் போட்டுத்தான் விட்டவன்.”