லயத்து நாய்க்கும் வைத்தியர் வேண்டும்

2017 மே மாத இறுதியில் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரி மாவட்டத்தைத் தாக்கியபோது கலவான பிரதேசமும் தப்பவில்லை. அப்படியான இரவில் பிள்ளையைத் தூக்குவோம், அடையாள அட்டையை எடுப்போம். நாயை யாரும் தூக்குவதில்லை. முகாமில் அதற்கு இடமும் இல்லை.

விட்டுவந்த பெட்டை நாய் சும்மா இருக்காது. பிறந்து ஆறேழு மாதத்திலேயே அது பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள்தான். வருடத்துக்கு இரண்டு தடவை ஈனலாம். தடுப்பூசி காணாத அந்தக் குட்டிகள் வளர்ந்து கொழுந்து மலையிலும் பாடசாலைப் பாதையிலும் திரியும். விசர்நாய்க்கடி நோய் வந்தபின் மருந்தில்லை என்பதை நாம் அறிவோம்.

1973இல் இந்நோயால் இலங்கையில் 377 பேர் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. மக்களுக்கும் நாய்களுக்கும் தடுப்பூசி பரவியதே இதற்கு முக்கிய காரணம். நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 2006இல் நிறுத்தப்பட்டது. அது சரியென்பதே எமது எண்ணம். கொல்லும்போது ஊசி போட்ட நாயும் சேர்ந்து சாகிறது. வெறுமையான இடத்துக்கு ஊசி போடாத புதிய நாய் வந்துவிடுகிறது.

கொழும்பில் 2007 முதல் புளூ போ டிரஸ்ட் என்ற கால்நடை வைத்தியர் அமைப்பு மாநகர சபையுடன் சேர்ந்து தடுப்பூசியும் கருத்தடையும் செய்தது. ஆனால் கொழும்பில் தெரு இருக்கிறது, வாகனம் போகும். தோட்டத்துக்கு நீலகிரியைப் பார்ப்பதே பொருத்தம். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் போன எம் உறவுகள் பலர் கொழுந்து பறிக்கும் மலை அது. அங்கே வேர்ல்ட்வைட் வெட்டரினரி சேர்விஸ் என்ற தொண்டு அமைப்பு பயிற்சி நிலையம் நடத்துகிறது. இளம் வைத்தியர்கள் மூத்தவர்களின் கண்காணிப்பில் சத்திரசிகிச்சை பழகுகிறார்கள். ஊர் நாய்களுக்குச் செலவில்லாமல் கருத்தடை ஆகிறது. 2013இல் அவர்கள் தொடங்கிய மிஷன் ரேபீஸ் கோவாவில் வீடு வீடாகப் போய் ஊசி போட்டது. 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் அங்கே இந்நோயால் மனிதர் எவரும் இறந்ததாகப் பதிவில்லை.

இங்கும் தொண்டு வைத்தியர்களை அழைக்கலாம். ஆனால் ஒருநாள் வந்து படம் பிடித்துப் போகும் முகாமால் பயனில்லை. பத்தில் ஏழு நாய்களுக்காவது ஊசி விழவேண்டும், அடுத்த வருடமும் வரவேண்டும். பிரதேச கால்நடை வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் முதலிலேயே சேர்ந்திருக்க வேண்டும். நாட்சம்பளம் போகாதபடி ஞாயிற்றுக்கிழமையே நல்லது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூச்சிமருந்து உண்டென்று சொல்லுங்கள். மாட்டுக்கு என்றால் எல்லோரும் வருவார்கள், நாயும் பின்னால் வரும்.

எமக்குப் பெரிய கவலை மழைதான். அறுத்த காயம் ஏழு முதல் பத்து நாட்கள் ஈரம் படாமல் இருக்கவேண்டும். கலவானயில் அது இலேசான காரியமா? எனவே மழை சற்று ஓயும் தை, மாசியில் நாள் குறிப்பது உசிதம். வெட்டுக்கு முதல்நாள் இரவு நாய்க்குச் சாப்பாடு கொடுக்கக்கூடாது. மயக்கத்தில் இருக்கும்போதே காதில் சிறு வெட்டு அடையாளம் இடுவார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அதற்கிடையில் யாரையாவது நாய் கடித்தால், மஞ்சளோ மிளகாயோ அப்பாமல், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஊசி அங்கே இலவசம். புதிய குடியிருப்புக்கு மாறும் குடும்பங்கள், பழைய லயத்தில் எத்தனை நாய்கள் நிற்கின்றன என்று பரிசோதகரிடம் சொல்லிவிட்டுப் போகவும்.