‘ஜொகூர்’ என்று எழுதிப் பாருங்கள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கான பதாகையை நானே வடிவமைக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வானொலியில் அறிவிப்பாளராக இருக்கிறேன், ஊடகவியல் படித்தவள். நிகழ்ச்சிச் சுவரொட்டிகளைக் கணினியில் செய்யக் கற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அப்பாவின் படம், பிறந்த நாள், மறைந்த நாள், கீழே குடும்பத்தார் பெயர்கள். இணையத்தில் தேடி, வளைவுகள் நிறைந்த ஓர் எழுத்துருவைப் பதிவிறக்கி அப்பாவின் பெயரை அமைத்தேன். என் திரையில் அழகாகத்தான் இருந்தது.

கோப்பை அச்சகத்துக்குப் புலனத்தில் அனுப்பினேன். மறுநாள் மாலை, மாசாயில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் தம்பி பதாகையைக் கட்டினான். அம்மா வெளியே வந்து நின்று பார்த்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் ஒன்றைத்தான் தடங்கலின்றி வாசிப்பார்.

“என்னம்மா இது? இது அப்பா பேரு இல்லையே” என்றார்.

அப்பாவின் பெயர் ‘கோ’வில் தொடங்கும். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்ச் சாய்ந்திருந்தது. அடுத்தடுத்த எழுத்துகளில் புள்ளிகள் தனியே மிதந்தன. அச்சகத்தில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. சரிபார்க்க வேண்டியவள் நான்தான். அன்றிரவு வெள்ளைத் தாளில் அப்பாவின் பெயரைக் கையால் எழுதி, பதாகையின்மேல் ஒட்டினோம்.

அதன் பிறகுதான் தமிழ் எழுத்துருக்களைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். வடிவமைப்பில் இறங்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவம் பயன்படட்டும்.

முதலில், எழுத்து ஏன் உடைகிறது? யுனிகோட் 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. அந்த முறையில் ‘கோ’ என்பது ககரம், அதன் பின் ஓகாரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில், அல்லது அதற்கான அமைப்பு முடக்கப்பட்டிருந்தால், எழுத்து சிதறும். அடோபி மென்பொருள்களில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற தேர்வைப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான தேர்வுகளைக் காட்டச் சொல்லித் தனி அமைப்பும் உண்டு.

இன்னொரு சிக்கல் பழைய எழுத்துருக்கள். ‘பாமினி’ போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ கூடப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். புதிய வேலைக்கு யுனிகோட் எழுத்துரு மட்டுமே என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நல்ல எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘இணைமதி’ ஆப்பிள் கணினிகளிலேயே இருக்கிறது. கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகப் பலவும் கிடைக்கின்றன. நீண்ட வாசிப்புக்கு ‘நோட்டோ செரிஃப் தமிழ்’, ‘மீரா இனிமை’. தகவல் பலகைக்கு ‘முக்தா மலர்’. குழந்தைகள் விழாவுக்குக் குண்டு குண்டான ‘பாலூ தம்பி’. கையெழுத்துச் சாயலுக்கு, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த ‘கவிவாணர்’.

வானொலியில் இரங்கல் செய்தியைக் குழந்தைகள் நிகழ்ச்சிக் குரலில் யாரும் வாசிப்பதில்லை. எழுத்துருவும் அப்படித்தான். எங்கே, யார், எவ்வளவு தூரத்தில் நின்று வாசிப்பார்கள் என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். ஒரு சுவரொட்டிக்கு இரண்டு எழுத்துரு போதும். எழுத்தைத் தடிப்பாக்க மென்பொருளின் தடிப்புப் பொத்தானை அழுத்தாதீர்கள்; ணகரத்தின் சுழிகள் அடைபட்டுப் போகும். அதற்கென வரையப்பட்ட தடிப்பு வகை உள்ள எழுத்துருவையே எடுங்கள். ‘முக்தா மலர்’ ஏழு தடிப்புகளில் கிடைக்கிறது. அதிலேயே ரோமன் எழுத்துகளும் இருப்பதால், மேலே மலாயும் கீழே தமிழும் வரும் நம் ஊர் பதாகைகளில் இரண்டும் ஒத்துப்போகும். தமிழுக்கு வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்; மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளாது.

அடுத்தது அடுக்கி வைப்பது. ஆரம்பத்தில் என்னிடம் முந்நூறுக்கு மேல் எழுத்துருக்கள் இருந்தன. வேண்டியது மட்டும் கிடைக்காது. இப்போது நான்கு கோப்புறைகள்: வாசிப்பு, தலைப்பு, விழா, பழைய குறியீடு. நான்காவதில் உள்ளவற்றைக் கணினியில் நிறுவுவதில்லை. யாராவது பழைய கோப்பைக் கொண்டுவந்தால் மட்டுமே திறப்பேன். ஒவ்வோர் எழுத்துருவோடும் அதன் உரிமக் கோப்பையும் சேர்த்தே வைக்கிறேன். கூகுள் தளத்தில் உள்ள பல தமிழ் எழுத்துருக்கள் ‘ஓப்பன் ஃபான்ட் உரிமம்’ கொண்டவை. காசு வாங்கிச் செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம்; எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் வாடிக்கையாளரின் வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

புதிய எழுத்துரு கிடைத்தால் நான் முதலில் தட்டச்சு செய்வது ‘ஜொகூர் பாரு’. நம் ஊர்ப் பெயரே நல்ல சோதனை. கிரந்த எழுத்து ‘ஜ’ இருக்கிறதா, ‘ஜொ’வில் கொம்பு முன்னால் நிற்கிறதா, ‘கூ’ சரியாக வளைகிறதா, ‘ர்’ மேல் புள்ளி உட்காருகிறதா, ‘ரு’ ஒழுங்காக இணைகிறதா, எல்லாம் இரண்டே சொல்லில் தெரிந்துவிடும். கூடவே ‘ஸ்ரீ’, ‘லக்ஷ்மி’ என்றும் எழுதிப் பார்ப்பேன். நம்மவர் பெயர்களில் இவை இல்லாமல் அழைப்பிதழ் ஏது?

கடைசியாக அச்சகம். திருத்தக்கூடிய மூலக் கோப்பை அனுப்பாதீர்கள். அன்று நான் செய்த தவறு அதுதான். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி, அல்லது எழுத்துருவை உள்ளே பதித்து, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். பின்னால் திருத்த வேண்டி வரலாம். மூலக் கோப்பு உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். அச்சகம் தரும் மாதிரியைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ‘சரி’ சொல்லாதீர்கள்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அட்டையை அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவிடம் நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்பாவின் பெயரை விரலால் தொட்டு எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள். எல்லாம் முடிந்து அட்டையைத் திருப்பித் தந்தார்.

“சரியா இருக்கு. எழுத்தைத்தான் கொஞ்சம் பெருசா போடு. என் வயசுக்காரங்க வாசிக்கணும்ல?”

பெரிதாகப் போட்டேன்.