செவிப்புலனற்றோரும் குற்ற விசாரணையும்

பேசவியலாத சாட்சி ஒருவர், திறந்த நீதிமன்றத்திலே எழுத்தாலோ சைகையாலோ தம் சாட்சியத்தை அளிக்கலாம் என்பது எமது சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு கூறும் விதி. அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும். 1895ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவு இடமளித்தமை பாராட்டத்தக்கதே. ஆயின், எழுத்தும் முறையான சைகைமொழியும் கல்லாத ஒருவர் எதிரிக் கூண்டிலே நிற்க நேரின் யாதாகும்? இதற்கு ஆங்கில நாட்டுப் பழைய வழக்குகளை நோக்குதல் வேண்டும்.

1831ஆம் ஆண்டிலே யோக் நகரில், எஸ்தர் டைசன் என்னும் செவிப்புலனற்ற பெண் தன் குழந்தையைக் கொன்றாளெனக் குற்றஞ்சாட்டப்பட்டாள். தான் குற்றவாளியல்லள் என்பதைச் சைகையாற் புலப்படுத்தினாள். யூரர்களை ஆட்சேபிக்கும் உரிமை தனக்குண்டு என்பதையோ அவளுக்கு உணர்த்த முடியவில்லை. 'உரிமை' என்பதற்கு முறையான சைகைமொழியிலே சொல் உண்டு. அம்மொழியை அவளுக்குக் கற்பித்தாரில்லை. மொழியின்மையைச் சித்தமின்மையாகக் கொண்டு, அவளைக் காவலில் வைக்குமாறு தீர்த்தனர்.

1836இல் பிரிச்சாட் என்பானது வழக்கில் நீதிபதி ஆல்டர்சன் மூன்று வினாக்களை வகுத்தார். எதிரி வேண்டுமென்றே வாய்திறவாதிருக்கின்றானா? குற்றச்சாட்டுக்கு மறுமொழி கூற வல்லனா? வழக்கின் போக்கை அறிந்து தன்னைக் காத்துக்கொள்ளத்தக்க அறிவுடையனா? பிரிச்சாட் செவிப்புலனற்றவன், ஆயினும் எழுத்து வாசிக்கத் தெரிந்தவன். குற்றப்பத்திரத்தை வாசித்து, குற்றமற்றவன் எனச் சைகையும் செய்தான். அவனும் தகுதியற்றவனெனவே தீர்க்கப்பட்டான். செவிப்புலனற்ற ஒருவனுக்காக வகுத்த இவ்வினாக்களே சித்தசுவாதீனமற்றோர்க்கும் ஆங்கிலச் சட்டத்திலே உரைகல்லாயின என்பது விந்தை.

இத்தகைய தீர்ப்பு விடுதலை போலத் தோன்றும். உண்மையில் எல்லையில்லாச் சிறையாகலாம். ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே, இரு கொள்ளைக் குற்றங்களுக்காக ஜாக்சன் என்னும் இளைஞன்மீது 1968இல் வழக்குத் தொடரப்பட்டது. கொள்ளைபோனவற்றின் மொத்தப் பெறுமதி 9 டொலர். அவன் கேளான், பேசான், எழுத்தறியான், சில சைகைகளே தெரியும், அறிவு வளர்ச்சியும் குறைந்தவன். 'சித்தம் தெளியும்வரை' அவனைத் தடுத்துவைக்குமாறு கட்டளை பிறந்தது. தெளிதற்கு அவன் பித்தனல்லனே! தகுதி பெறுவான் என்னும் நம்பிக்கை இல்லாதவிடத்து, அக்காரணம் ஒன்றைமட்டும் கொண்டு ஒருவரைக் காலவரையறையின்றித் தடுத்துவைத்தல் ஆகாதென உயர்நீதிமன்றம் 1972இலே தீர்த்தது. அவனைப் போன்றோர்க்குச் சிறிதளவேனும் மொழி கற்பிக்கும் வசதி அம்மாநிலத்தில் இல்லையென, கீழ்நீதிமன்ற விசாரணையிலேயே சைகைமொழி பெயர்ப்பாளர் சாட்சியம் கூறியிருந்தார்.