படப்பிரதியை விற்கலாம், படத்தின் உரிமையை விற்கலாகாது

பொருளை உற்பத்தி செய்வது ஒரு திறமை. அதனை நியாயமான விலைக்கு விற்பது மற்றொரு திறமை. இவ்வுண்மையை நம் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தறியில் அமர்ந்த கைக்கும் ஏர் பிடித்த கைக்கும் நெடுங்காலமாக இடர் விளைவித்து வந்தது உற்பத்தியன்று, விற்பனையே. 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தோன்றியதும் இக்குறையை நீக்கும் பொருட்டேயாகும்.

இப்பொழுது நம் கிராமங்களில் புதியதொரு தொழில் தலைகாட்டியுள்ளது. புகைப்படம் எடுக்கும் இளைஞர்கள், தாம் எடுத்த படங்களை நல்ல காகிதத்தில் அச்சிட்டு, இணையத்தின் வாயிலாக விற்க முற்பட்டுள்ளனர். அவர்களுள் நெசவாளர், விவசாயி, மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இத்தொழிலின் தன்மை யாது, ஆதாயம் எவ்வளவு, ஏமாற்றம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முட்டுக்காட்டின் வாய்ப்பு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மாமல்லபுரம் செல்வோர் முட்டுக்காட்டை அறிவர். உப்பங்கழி கடலோடு கூடுமிடம் அது. படகுத் துறையும் அங்கு உண்டு. தென்னாட்டுக் கைவினைகளையும் பழைய வீடுகளையும் காட்சிக்கு வைத்துள்ள தட்சிணசித்திரம் 1996-ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் நடைபெற்று வருகிறது. தெற்கே சென்றால், 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மாமல்லபுரச் சிற்பங்கள் உள்ளன.

இங்கு வருவோர் யாவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியிருக்க, பிறர் எடுத்த படத்தை விலை கொடுத்து வாங்குவோர் யார் என்ற ஐயம் எழுவது இயல்பே. வந்து போகிறவர் ஒரு பிற்பகலைக் காண்கிறார். அவ்வூரில் வாழ்பவரோ ஆண்டு முழுவதையும் காண்கிறார். கழிமுகம் மணலால் அடைபடும் காலம் எது, திறக்கும் காலம் எது, பறவைகள் வந்திறங்கும் நாள் எது, வலை வீசுவோர் எந்த நேரத்தில் நீரில் இறங்குவர் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆகவே உள்ளூர் இளைஞரின் மூலதனம் கருவி மட்டுமன்று. அவருடைய இருப்பும் பொறுமையுமேயாகும்.

நல்ல பிரதி என்பது யாது?

இணையத்தில் வாங்குவோர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. சேலைக்கு உள்ள இவ்விடர் படப்பிரதிக்கும் உண்டு. எனவே தரத்தைப் பற்றிய விவரங்களை விற்பவரே மறைக்காமல் எழுதியாக வேண்டும்.

முதலாவது காகிதம். நெடுநாள் நிலைக்கும் உயர்தரப் பிரதிகள் பருத்தி இழையால் ஆகிய, அமிலம் நீக்கிய காகிதத்தில் அச்சிடப்படுகின்றன. பருத்தி விளைவிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும். மரக்கூழால் ஆகிய மலிவுக் காகிதம் சில ஆண்டுகளில் பழுப்பேறிவிடும். இரண்டாவது மை. சாய மையைவிட நிறமி மை வெளிச்சத்தை அதிக காலம் தாங்கும். வெளுக்கும் சாயத்துக்கும் கெட்டிச் சாயத்துக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த நெசவாளர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது அளவு. அருகிலிருந்து பார்க்கும் தெளிவான பிரதிக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருத்தல் நலம். 6,000-க்கு 4,000 என்ற புள்ளிக் கணக்கில் அமைந்த படத்தை ஏறத்தாழ 20 அங்குலத்துக்கு 13 அங்குலம் வரை நன்கு அச்சிடலாம். இக்கணக்கில் ஒரு பாதுகாப்பும் அடங்கியுள்ளது. இணையத்தில் காட்டும் படத்தை நீளவாக்கில் 1,200 புள்ளிகளுக்குள் சுருக்கிவிட்டால், அதனைத் திருடுவோர் 4 அங்குலத்துக்குமேல் தெளிவாக அச்சிட முடியாது. முழு அளவுப் படத்தை ஒருபோதும் வெளியிடலாகாது.

திரையில் காணும் நிறமும் காகிதத்தில் விழும் நிறமும் முற்றும் ஒன்றாகா. ஆகையால் ஒரு சிறு மாதிரிப் பிரதியை முதலில் அச்சிட்டுப் பார்த்த பிறகே விற்பனைக்கு அறிவித்தல் முறை.

எண்ணிக்கையில் நேர்மை

படப்பிரதிகளை இரு வழிகளில் விற்கின்றனர். வரம்பின்றி அச்சிட்டுக் குறைந்த விலைக்கு விற்பது ஒரு வழி. ‘இப்படத்தில் 25 பிரதிகள் மட்டுமே’ என்று உறுதி கூறி, ஒவ்வொன்றிலும் 1/25, 2/25 என எண்ணிட்டுக் கையொப்பமிட்டுக் கூடுதல் விலைக்கு விற்பது மற்றொரு வழி.

இரண்டாம் வழியில் விலை உயர்வதற்குக் காரணம் அந்த உறுதிமொழியேயன்றி வேறில்லை. 25 என்று கூறிவிட்டு 26-ஆம் பிரதியை அச்சிடுபவர், முன்னர் வாங்கிய 25 பேரையும் ஏமாற்றியவராகிறார். விசைத்தறித் துணியில் கைத்தறி முத்திரையைக் குத்துவதற்கு ஒப்பான குற்றம் இது. எனவே ஒரு பேரேடு அவசியம். படத்தின் பெயர், அளவு, காகிதம், பிரதி எண், விற்ற தேதி, வாங்கியவர், பெற்ற தொகை ஆகிய ஏழு பத்திகள் அதில் இருந்தால் போதும். சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைப் பார்த்துப் பழகிய எவரும் இதனை எளிதில் எழுதிவிடலாம்.

கிரயக் கணக்கு

இளைஞர் பலர் தடுமாறுவது இவ்விடத்திலேதான். அச்சுக்கூலியை மட்டும் கழித்துவிட்டு எஞ்சியதெல்லாம் இலாபம் என்று எண்ணிவிடுகிறார்கள். கணக்கின் பொருட்டு ஒரு பிரதியின் விலை ரூ.2,000 என்று வைத்துக்கொள்வோம்.

அச்சும் காகிதமும் ரூ.600. சுருட்டி அனுப்பும் உருளை, அஞ்சல் செலவு ரூ.200. விற்பனைத் தளத்தின் கமிஷன் 20 சதவிகிதம் எனில் ரூ.400. கேமராவின் விலை ரூ.90,000, அது 5 ஆண்டுகள் உழைக்குமாயின் மாதத் தேய்மானம் ரூ.1,500. மாதம் 5 பிரதிகள் விற்றால் பிரதிக்கு ரூ.300. இருபதில் ஒன்று வழியில் சேதமடையும் எனக் கொண்டால், அதை ஈடுகட்டப் பிரதிக்கு ரூ.40. ஆக மொத்தச் செலவு ரூ.1,540. எஞ்சுவது ரூ.460. வைகறையில் எழுந்து கழிமுகத்தில் காத்து நின்றதற்கும், படத்தைத் திருத்தியதற்கும், பொதி கட்டியதற்கும் உரிய கூலி இவ்வளவே.

தம் சொந்தப் பக்கத்திலேயே விற்று, பணம் பெறும் சேவைக்கு மட்டும் 3 சதவிகிதம் செலுத்தினால், கமிஷன் ரூ.400-க்குப் பதில் ரூ.60 ஆகும், கையில் நிற்பது ரூ.800 ஆகும். ஆனால் வாங்குவோரைத் தாமே தேடிக்கொள்ளும் உழைப்பு அப்பொழுது கூடிவிடும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

விலை, அனுப்பும் செலவு, சேதமடைந்தால் மாற்றித் தரும் விதம் ஆகியவற்றை முன்கூட்டியே தெளிவாக அறிவிப்பதும் கடமையாகும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதனை வற்புறுத்துகின்றன. வெளி மாநிலத்துக்கு அனுப்ப விரும்புவோர் ஜிஎஸ்டி பதிவு விதிகளைக் கணக்கரிடம் கேட்டறிந்து தொடங்குதல் நன்று.

பாம்பும் தோலும்

இனி, இத்தொழிலின் உயிர்நிலைக்கு வருவோம். முட்டுக்காட்டுக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்பைப் பிடித்து, அதன் தோலை வியாபாரிகளுக்கு விற்று வந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் நின்றது. சங்கம் அமைந்த பின்னர், பாம்பைக் கொல்லாமல் அதன் நஞ்சை எடுத்து, விஷமுறிவு மருந்து தயாரிப்போருக்கு விற்கலாயினர். சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்த பிறகு பாம்பு காட்டிலேயே விடப்படுகிறது. தோலை ஒருமுறைதான் விற்கலாம். நஞ்சையோ மீண்டும் மீண்டும் எடுக்கலாம்.

புகைப்படக்காரரின் நிலையும் இத்தகையதே. பிரதி என்பது நஞ்சு போன்றது. எத்தனை முறை விற்றாலும் படம் அவரிடமே இருக்கும். பதிப்புரிமையை விற்பதோ தோலை உரித்துக் கொடுப்பதாகும். கடற்கரை விடுதி ஒன்று ‘சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும்’ என்று கேட்டால், பிரதியைக் கொடுக்கலாம். ‘எல்லா உரிமைகளும் எங்களுக்கே’ என்ற வரி விலைச் சீட்டில் இருக்குமாயின், நாளை அதே படத்தை நாட்காட்டியிலும் விளம்பரத்திலும் அவர்கள் காசு கொடாமலே அச்சிடலாம். எடுத்தவர் ஒரு பிரதிகூட விற்க இயலாமற் போகலாம்.

சட்டம் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமாக எடுத்த படத்தின் உரிமை அவருடையதே. பதிவு செய்துகொள்ளாவிடினும் அவ்வுரிமை உண்டு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது அவர் வாழ்நாளும், அதற்குமேல் 60 ஆண்டுகளும் நிலைக்கும். பிரதியை விற்பதனால் உரிமை கைமாறுவதில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் கையொப்பமிட்ட எழுத்து மூலமாகவே செய்தல் வேண்டும். அவ்வெழுத்தில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா முழுவதும் என்றும் கொள்ளப்படும்.

ஒரு விதிவிலக்கைக் கவனித்தல் வேண்டும். பிறர் கேட்டுக்கொண்டபடி கூலி பெற்று எடுத்த படமாயின், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அதன் உரிமை கூலி கொடுத்தவருக்கே உரியது. கலியாண வீட்டில் எடுத்த படம் எத்துணை அழகாயினும், அதனை இணையத்தில் விற்பனைக்கு வைக்கலாகாது.

புகைப்படக்காரரின் கூட்டுறவு

உரிமையைக் காக்கப் புகைப்படக்காரர்கள் கூட்டுறவையே நாடிய வரலாறும் உண்டு. 1947-ஆம் ஆண்டில் ராபர்ட் காப்பா, ஆன்றி கார்த்தியே-பிரெசோன், ஜார்ஜ் ராட்ஜர், டேவிட் சீமோர் முதலியோர் மாக்னம் என்னும் நிறுவனத்தை அமைத்தனர். படத்தின் உரிமையைப் பத்திரிகைகள் எடுத்துக்கொள்வது வழக்கமாயிருந்த காலம் அது. ‘உரிமை எங்களுடையது, நிறுவனமும் எங்களுடையது’ என்பது அவர்கள் கொண்ட கொள்கை. 1948 ஜனவரியில் காந்தியடிகளை அவர் மறைவதற்குச் சற்று முன்னர்ப் படமெடுத்த கார்த்தியே-பிரெசோன் இவர்களுள் ஒருவரே. நம் நாட்டு ரகு ராய் 1977-இல் அதில் இடம்பெற்றார். புதிய அங்கத்தினர்களை இன்றும் பழைய அங்கத்தினர்களே வாக்களித்துச் சேர்க்கிறார்கள்.

அந்நிறுவனம் 2014 முதல் இணையவழியே ஒரு விற்பனையை நடத்தியது. 6 அங்குலச் சதுரப் பிரதி, கையொப்பத்துடன் 100 டாலர்; சில நாட்களுக்கு மட்டும். எண்ணிக்கைக்குப் பதில் நாட்களை வரம்பாக வைத்த உபாயம் இது. முட்டுக்காட்டு இளைஞருக்கும் இது ஏற்றதே. ஐந்து நாட்கள் ஆணை பெற்று, பெற்ற அளவுக்கே அச்சிட்டால், விற்காத சரக்கில் பணம் முடங்காது.

படத்தில் இருப்பவர்

மதுரையைச் சேர்ந்த எம். பழனிகுமார் என்ற புகைப்படக்காரர், மீன் விற்கும் தாயின் மகன். உழைப்பாளரின் வாழ்வைப் படமாக்கி வரும் அவர் 2022-இல் தயானிதா சிங்–பாரி விருதைப் பெற்றார். உழைக்கும் மக்களை அவர்களுள் ஒருவராய் நின்று காணும் கண் அவருடையது. நம் இளைஞர் அதனைக் கற்றல் வேண்டும். வலை வீசுபவரின் படத்தை விற்குமுன் அவர் சம்மதத்தைக் கேட்பதும், ஒரு பிரதியை அவருக்குக் கொடுப்பதும், வருவாயில் ஒரு பங்கை ஒதுக்குவதும் நல்வழக்கங்கள். மேற்கண்ட கணக்கில் பிரதிக்கு ரூ.100 ஒதுக்கினாலும் ரூ.360 மிஞ்சும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைத் தொழில் முறையில் எடுப்பதாயின், தொல்லியல் துறையின் விதிகளை முன்னரே கேட்டறிதல் அவசியம்.

சங்கங்கள் செய்யக்கூடியது

இன்று நம் சங்கங்கள் பலவும் சேலைகளையும் விளைபொருள்களையும் இணையத்தில் காட்டி விற்கின்றன. அதற்குப் படம் எடுக்க உள்ளூர் இளைஞரை அழைக்கின்றன. அப்பொழுது சங்கமே கூலி கொடுப்பவராகிறது. பேசாமலிருந்தால் உரிமை முழுவதும் சட்டப்படி சங்கத்துக்கே சென்றுவிடும். தரகரிடமிருந்து நெசவாளரைக் காத்த சங்கம், நெசவாளர் வீட்டுப் பிள்ளையிடம் தரகரைப்போல் நடந்துகொள்ளலாமா? ‘விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் சங்கம் பயன்படுத்தலாம், பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கும்’ என்ற இரண்டு வரிகளை நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் சேர்த்து, இரு தரப்பும் கையொப்பமிட்டால் போதுமானது. சங்கத்துக்கு இதனால் ஒரு காசும் நஷ்டமில்லை.

இளைஞர்களும் ஐவர் பதின்மராகச் சேர்ந்து காகிதத்தை மொத்தமாக வாங்கலாம். ஒரே அச்சகத்தில் ஒருங்கே ஆணை கொடுக்கலாம். ஒரே பக்கத்தில் விற்கலாம். தனியே ரூ.600 ஆகும் அச்சுச் செலவு குறைவதற்கு அதுவே வழி. 1904-இல் திருவல்லிக்கேணியில் சிலர் கூடி மளிகைச் சாமானை மொத்தமாக வாங்கத் தொடங்கிய நாள் தொட்டு நாம் கைக்கொண்டு வரும் முறை இதுவே. தத்தம் ஊரில் படம் எடுக்கும் பிள்ளைகள் எவரேனும் இருப்பின், அங்கத்தினர்கள் அவர்களை அடுத்த மகாசபைக்கு அழைத்து, இவ்விவரங்களை எடுத்துச் சொல்லுமாறு வேண்டுகிறேன்.