சமயமும் ஒழுக்கமும்

சமயம் என்பது கோயில் வாசலோடு முடிவதா, அன்றி மனிதன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்வதா என்னும் வினா மிகப் பழையது. மலைநாட்டில் ஆசிரியப் பணி புரியும் எமக்கு அது ஏட்டில் எழுந்த வினா அன்று, வகுப்பறையில் எழுந்தது.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுவாரம் மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். "ஐயா, காப்புக் கட்டியிருந்த பத்து நாளும் அப்பா குடிக்கவில்லை. காப்பு அவிழ்த்த அன்றே குடித்துவிட்டு வந்தார். பத்து நாள் முடிந்தவருக்குப் பதினோராம் நாள் ஏன் முடியாது?" என்று வினவினான். அன்று அவனுக்குத் தக்க விடை கூற எம்மால் இயலவில்லை.

சமயம் தனிமனித ஒழுக்கத்தைக் காப்பது நோன்பினாலும் கல்வியினாலுமாம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவர் ஊனும் மதுவும் நீக்கி, உடன் வருபவர் எக்குலத்தவர் என்று வினவாது, உள்ளதைப் பகிர்ந்துண்டு நடக்கின்றனர். ஆறுமுக நாவலர் தமது நான்காம் பாலபாடத்திற் கடவுளைப் பற்றிக் கூறியதோடமையாது, கொலை, களவு, கள்ளுண்ணல் முதலிய குற்றங்களையும் தனித்தனியே எடுத்து விளக்கினார். ஒழுக்கமின்றிப் பக்தி நில்லாது என்பதே அவர் துணிபு.

ஆயினும், ஒழுக்கம் ஒருவனுடைய தனிச்சொத்தன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்திலர். அரசும் குடியும் பேசப்படும் பொருட்பாலிலேயே வைத்தார். குடிப்பவன் ஒருவனாயினும் கெடுவது நாடு என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகின்றது எனலாம்.

நம் நாட்டு வரலாறும் இதற்குச் சான்றாகும். 1912ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் புதிய மதுவரி முறையைக் கொணர்ந்து கள்ளுக்கடைகளைப் பெருக்க முற்பட்டபோது, பௌத்தர்கள் முன்னின்று மதுவிலக்கு இயக்கத்தை வளர்த்தனர். பஞ்சசீலத்தின் ஐந்தாம் சீலம் அவ்வாறு பொதுமக்கள் குரலாயிற்று. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் ஹட்டனுக்கும் பதுளைக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரை மதுவை விடுமாறு வேண்டினார். தீண்டாமையை ஒழிக்குமாறு அப்பயணத்தில் அவர் இந்துக்களை வற்புறுத்தினார்.

எனினும், சமயப்பற்று உள்ளவிடத்துப் பொது நீதியும் தானே விளையும் என்று கருதுதல் தவறாம். மதுவிலக்கு இயக்கத்தில் முன்னின்றவருள் ஒருவரான டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கமே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. பிறரைக் குறை கூறி நாம் அமைதியடைதலும் ஆகாது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பொது வழிபாட்டிடங்களிற் சாதி காரணமாகத் தடுத்தலைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுட் செல்ல முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தவரும் திருநீறு அணிந்தவரே. தடுக்கப்பட்டவரும் திருநீறு அணிந்தவரே. தன்னளவில் விரதங் காத்தல் எளிது. பிறனுக்குரியதை அவனுக்கு வழங்குதலே அரிது.

ஆதலின், சமயத்தின் மெய்யான சோதனை திருவிழா நாளில் இல்லை. தொழிலாளர் தம் சம்பளத்தினின்று ஈந்த கோயிற் பணத்துக்குச் சபையிற் கணக்கு வாசிக்கப்படுகின்றதா? தேர்வடத்தை இழுத்த கை மறுநாள் மனைவிமேல் ஓங்காதிருக்கின்றதா? சங்கத்திலும் கூட்டுறவுக் கடையிலும் நிறை நிறையாக இருக்கின்றதா? இவற்றுக்கு விடை கூறவல்ல சமயமே வாழுஞ் சமயம்.

அம்மாணவனுக்கு இன்று யாம் கூறும் விடை இதுவே: "உன் தந்தை வலிமையற்றவர் அல்லர். அந்தப் பத்து நாளும் லயத்தார் அனைவரும் ஒன்றாக நோன்பிருந்தனர், ஒருவரையொருவர் காத்தனர். பதினோராம் நாள் அக்காவல் கலைந்தது. அவர் தனித்து நின்றார்."

பழைய மாணவர்களாகிய அன்பர்களே! உங்களுட் பலர் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் கோயிற் சபை உறுப்பினர்களாகவும் விளங்குகின்றீர்கள். காப்பு அவிழ்ந்த பின்னரும் அக்காவல் கலையாதிருக்கச் செய்தல் உங்கள் கையில் உள்ளது. கல்லூரி நமக்குக் கற்பித்த சமயபாடத்தின் பயன் அதுவேயாகும்.