கோடை லீவில் குட்டிப் பிள்ளைகள்: வீட்டிலும் பாட்டி ஊரிலும் எதில் கவனம் தேவை?

லீவு விட்டாச்சு. ஸ்கூல் பை ஜூன் மாதம் வரை மூலையில்தான் கிடக்கும். பெரிய பிள்ளைகள் கிரிக்கெட், நீச்சல் வகுப்பு, சித்தி வீடு என்று கிளம்பிவிடுவார்கள். ஆனால் 5 வயசுக்குக் கீழே இருக்கும் குட்டிகளை வைத்துக்கொண்டு லீவை ஓட்டுவது வேறு கதை. அண்ணனும் அக்காவும் வீட்டில் இருப்பதால் இவர்களும் மதியம் தூங்குவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. "போர் அடிக்குதும்மா" என்று பெரியவர்கள் சொன்னால், அதையே இவர்களும் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

இதற்கிடையே மே 4 வாக்கில் தொடங்கி மே 28, 29 வரை நீளும் கத்திரி வெயில் வேறு. ஊருக்குப் போக வேண்டும், வேலைக்கும் போக வேண்டும், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்களில் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்? பார்க்கலாம்.

லீவில் குழந்தை ஏன் இப்படி அடம் பிடிக்குது?

"ஸ்கூல் இருந்தப்போ நல்லா இருந்தான், லீவு விட்டதும் ஒரே அழுகை" என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. காரணம் பெரும்பாலும் எளிமையானது. சின்னக் குழந்தைகளுக்குக் கடிகாரம் தெரியாது. எழுந்ததும் பால், பிறகு குளியல், அதன் பிறகு விளையாட்டு, சாப்பாடு, தூக்கம் என்ற வரிசைதான் அவர்களுக்கு நேரம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் குழந்தை அமைதியாக இருக்கும். லீவில் இந்த வரிசை உடைந்துவிடுகிறது.

ராத்திரி 11 மணி வரை உறவினர்களோடு பேச்சு, காலையில் 9 மணிக்கு எழுவது, மதியத் தூக்கம் கிடையாது என்றால் சாயங்காலம் 5 மணிக்குக் குழந்தை ஒன்றுமில்லாததற்கு அழும். அதைச் சேட்டை என்று நினைத்து அதட்டுவதில் பயனில்லை. பல நேரம் அது தூக்கக் கலக்கம், பசி அல்லது தாகம்தான்.

எல்லாவற்றையும் ஸ்கூல் நாள் மாதிரி வைத்திருக்க முடியாது, தேவையும் இல்லை. மூன்றை மட்டும் மாற்றாமல் பிடித்துக்கொண்டால் போதும்: காலையில் எழும் நேரம், மதியச் சாப்பாடும் அதற்குப் பிறகான தூக்கமும், இரவு படுக்கும் நேரம். மற்றவை முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை.

தூக்கம், விளையாட்டு, செல்போன்: எவ்வளவு நேரம்?

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி:

- 1 முதல் 2 வயது வரை: பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம்.
- 3 முதல் 4 வயது வரை: 10 முதல் 13 மணி நேரம் தூக்கம்.
- 1 முதல் 4 வயது வரை: நாள் முழுவதும் சேர்த்து குறைந்தது 3 மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு.
- செல்போன், டிவி: 2 வயது நிரம்பும் முன் பழக்க வேண்டாம். 2 முதல் 4 வயது வரை அதிகபட்சம் 1 மணி நேரம். அதிலும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

இதைப் படித்ததும் "எங்க வீட்ல ஒரு மணி நேரம் தாங்குமா?" என்று கேட்கத் தோன்றும். ஒரே நாளில் குறைக்க வேண்டியதில்லை. முதலில் சாப்பிடும் நேரத்தில் இருந்தும், தூங்கப் போகும் நேரத்தில் இருந்தும் போனை எடுத்துவிடுங்கள். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது, பசித்தாலும் தெரியாது. படுக்கைக்குப் போகும் முன் பார்த்தால் தூக்கம் தள்ளிப்போகும்.

போனை வாங்கினால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வேண்டும். அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. முறத்தில் பயறும் கடலைப்பருப்பும் கலந்து பிரிக்கச் சொல்வது (3 வயதுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருந்து), துவைத்த துணியில் சின்னச் சட்டைகளை மட்டும் எடுத்து மடிக்கச் சொல்வது, பழைய அட்டைப்பெட்டியில் பஸ் செய்வது, பல்லாங்குழி என எதுவானாலும் சரி. வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆனால் குழந்தைக்கு அது வேலை அல்ல, விளையாட்டு. கொஞ்ச நேரம் எதுவும் இல்லாமல் சும்மா இருப்பதிலும் தப்பில்லை. 'போர் அடிக்குது' என்று உட்காரும் குழந்தைதான் சற்று நேரத்தில் தானாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும்.

வெயிலில் என்ன கொடுக்கலாம்? எப்போது டாக்டரிடம் போகணும்?

நண்பகல் 12 முதல் 3 மணி வரை குழந்தைகளை வெளியே அழைத்துப் போகாமல் இருப்பது முதல் விதி. விளையாட்டைக் காலை 8 மணிக்கு முன்பும், மாலை 5 மணிக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம்.

விளையாட்டு மும்முரத்தில் குழந்தை தண்ணீர் கேட்காது. கேட்காவிட்டாலும் அவ்வப்போது இரண்டு வாய் கொடுக்க வேண்டும். மோர், இளநீர், எலுமிச்சை ஜூஸ், தர்பூசணி எல்லாம் நல்லதுதான். 6 மாதம் நிறையாத குழந்தைக்கு மட்டும் எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். 1 வயது நிறையும் வரை தேனும் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். 1 லிட்டருக்கான பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் கலக்குவது ஆபத்து. பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கலந்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றால் போனதும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி என்பது பொதுவான அளவு. டப்பாவில் வரும் இனிப்பு பானங்கள் இதற்கு மாற்று இல்லை. அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்:

- 6 மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை
- அழுதாலும் கண்ணீர் வரவில்லை, வாய் உலர்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது
- எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து தூங்குகிறது
- உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறுகிறது அல்லது வலிப்பு வருகிறது

கடைசி அறிகுறி இருந்தால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று: "ரெண்டு நிமிஷம்தானே" என்று குழந்தையை நிறுத்திய காரில் விட்டுப் போகக் கூடாது. வெயிலில் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

ஊருக்குப் போக டிக்கெட்: குழந்தைக்கு எவ்வளவு?

ரயிலில் 5 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. ஆனால் தனி பெர்த் கிடைக்காது. தனி பெர்த் வேணும்னா பெரியவர்களுக்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டும். 5 முதல் 12 வயதுக்குள் என்றால், ஸ்லீப்பர் போன்ற பெர்த் வகுப்புகளில் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் அரைக் கட்டணம். முன்பதிவு பயணத் தேதிக்கு 60 நாள் முன்புதான் தொடங்கும். 120 நாளாக இருந்தது 2024 நவம்பரில் குறைக்கப்பட்டது.

தமிழக அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை கட்டணம் இல்லை. 2022-க்கு முன்பு இது 3 வயது வரைதான் இருந்தது.

பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையக் கூட்டத்தில் இறங்கும் முன், அப்பா அல்லது அம்மாவின் போன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம். "என்ன கலர் டிரஸ் போட்டிருந்தான்?" என்று போலீஸ் கேட்கும்போது பதற்றத்தில் பதில் வராது, போட்டோ பேசும்.

பாட்டி வீட்டில் முதல் நாள் என்ன செய்யணும்?

சொந்த வீட்டில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று பழகியிருக்கும். வருஷம் முழுக்கக் குழந்தையே இல்லாத வீட்டில் அப்படி இருக்காது. போய் இறங்கியதும் ஒரு கால் மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம்.

- மாத்திரை: தாத்தா, பாட்டியின் பிரஷர், சுகர் மாத்திரைகள் பெரும்பாலும் தலையணைப் பக்கத்திலோ டிவி ஸ்டாண்டிலோ இருக்கும். குழந்தைக்கு அது மிட்டாய். ஒன்றிரண்டு விழுங்கினாலே உயிருக்கு ஆபத்தாகலாம். உயரமான, பூட்டிய அலமாரிக்கு மாற்ற வேண்டும்.
- பாட்டில்: தின்னர், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, ஆசிட் ஆகியவை பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.
- பட்டன் பேட்டரி: ரிமோட், பொம்மைக்குள் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகலாம். 'தானா வெளியே வந்துடும்' என்று காத்திருக்கக் கூடாது.
- தொண்டையில் சிக்குபவை: முழு வேர்க்கடலை, பலாக்கொட்டை, புளியங்கொட்டை. திராட்சையை நீளவாக்கில் நறுக்கி, நுங்கைச் சின்னத் துண்டாக்கிக் கொடுக்கலாம்.
- சூடு: நிறுத்திய பைக்கின் சைலன்சர், தரையில் வைத்த குழம்புச் சட்டி. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

கிணறு, தொட்டி, வாளி: 'யாராவது பார்த்துப்பாங்க' என்ற ஆபத்து

உலக அளவில் தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்குக் கடலோ ஆறோ தேவையில்லை. நடை பழகும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் வாளியின் அடியில் கிடக்கும் தண்ணீரே போதும். சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டி, கத்திக் கூப்பிடும் சத்தமும் இருக்காது. சத்தமே இல்லாமல் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

விசேஷ வீட்டில் 15 பேர் இருக்கும்போது குழந்தை பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். அம்மா சமையலறையில், 'அவங்க அப்பா பார்த்துப்பார்'. அப்பா திண்ணையில், 'பாட்டிகிட்ட இருப்பான்'. பாட்டி, 'அத்தை தூக்கிட்டுப் போனா'. எல்லோரும் இருக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை.

இதற்கு வழி, வாய் விட்டுச் சொல்லிப் பொறுப்பை மாற்றுவதுதான். "நான் உள்ளே போறேன், பாப்பாவை நீங்க பார்த்துக்கோங்க அண்ணி." "சரி, நான் பார்த்துக்கறேன்." பதில் வந்த பிறகே நகர வேண்டும். பொறுப்பில் இருப்பவர் அந்த நேரத்தில் போனைத் தொடக் கூடாது. தண்ணீர் அருகில் என்றால் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 10 வயது அண்ணனிடமோ அக்காவிடமோ இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

வாளி, அண்டாக்களைக் கவிழ்த்து வையுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளித் தாழ்ப்பாள், கிணற்றுக்கும் சம்புக்கும் மூடி அவசியம். காற்றடைத்த டியூப் விளையாட்டுப் பொருள்தான், உயிர் காக்கும் கருவி இல்லை. மூழ்கிய குழந்தையைத் தூக்கியதும் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது வேண்டாம். மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன செய்வது?

லீவு குழந்தைக்குத்தான், அம்மா அப்பாவுக்கு இல்லை. பெரும்பாலான வீடுகளில் பாட்டிதான் கை கொடுக்கிறார். 65 வயதில் முழங்கால் வலியோடு 2 வயதுக் குழந்தையின் பின்னால் நாள் முழுக்க ஓடுவது லேசான வேலை இல்லை. மதியம் அவர் ஓய்வெடுக்க 2 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் முழு லீவு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது ஆகியவற்றில் ஏதாவது இரண்டை அப்பா தன் வேலையாக எடுத்துக்கொண்டால் அம்மாவின் சுமை நிஜமாகவே குறையும்.

50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்தில் வந்த விதி. இப்படி ஒரு உரிமை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூன் வருவதற்கு முன்

பள்ளி திறக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே படுக்கும் நேரத்தைத் தினமும் 15 நிமிடம் முன்னால் கொண்டுவந்தால், முதல் நாள் காலையில் அழுகை குறையும். தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். ஒன்றரை வயதில் போடும் ஊசியும், 5 வயதில் போடும் பூஸ்டரும் ஊருக்குப் போன நேரத்தில் தவறிப்போவது வழக்கம். அட்டை கையில் இருந்தால் பாட்டி ஊரில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

ஆம்புலன்ஸ்: 108
மருத்துவ ஆலோசனை: 104
குழந்தை காணாமல் போனாலோ, ஆபத்தில் இருந்தாலோ: 1098
ரயில் பயணத்தில் உதவி: 139
எல்லா அவசரத்துக்கும்: 112

இந்த எண்களைப் பாட்டி, தாத்தாவின் போனிலும் சேமித்து வையுங்கள். அவர்களால் எழுத்தைப் படிக்க முடியாது என்றால், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.